மறியலும் மருந்தும்: இலங்கைப் போதைச் சட்டங்களின் நூறு வருடங்கள்

சில வருடங்களுக்கு முன், நீதவான் நீதிமன்றம் ஒன்றின் விறாந்தையில் எங்கள் ஊர் உம்மா ஒருவரோடு காத்திருந்தேன். காதிலிருந்ததும் கழுத்திலிருந்ததும் போய், கடைசியில் கிணற்று மோட்டரும் விலைப்பட்ட பிறகு, பொலிஸுக்கு அறிவித்தவர் அவர்தான். "என்ட மகன நானேதான் புடிச்சிக் குடுத்த. சீக்கெண்டா ஆஸ்பத்திரிக்குத்தானே அனுப்பணும்? ஏன் மகன் மறியலுக்கு அனுப்புறாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பிறகு பழைய சட்டங்களைத் தேடி வாசித்தேன். அந்தக் கேள்விக்கு இந்த நாடே நூறு வருடங்களாக மாறி மாறிப் பதில் சொல்லி வந்திருக்கிறது.

பிரித்தானியர் ஆட்சியில் அபின், அனுமதி பெற்ற கடைகளில் விற்ற சரக்கு. 1910 ஆம் ஆண்டின் அபின் சட்டம் அதை மாற்றியது. வழமையாக அபின் பாவிப்போர் பெயர் பதிய வேண்டும். அளவாக அரசாங்கமே கொடுக்கும். அபின் தின்றவர் அன்று இடாப்பில் ஒரு பெயர், கள்வர் அல்லர். 1929 இல் வந்த 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டமே இன்றைய சட்டத்துக்கு அடித்தளம். எண்பதுகளில் ஹெரோயின் பரவியதும் அது கடுமையானது. 1984 இன் திருத்தத்தின்படி இரண்டு கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை. அதே வருடம்தான் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் உருவானது. சிகிச்சையும் அதன் பொறுப்பானது.

2007 இன் 54 ஆம் இலக்கச் சட்டம்தான் அந்த உம்மாவின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. அரசாங்க வைத்தியரின் அறிக்கையைப் பார்த்து, போதைக்கு அடிமையானவரைச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்ப நீதவானுக்கு அது அதிகாரம் கொடுத்தது. ஆனால் அனுப்புவது எங்கே? பொலன்னறுவைப் பக்கம் கந்தக்காடு, யுத்தம் முடிந்தபின் முன்னாள் போராளிகளின் புனர்வாழ்வுக்குப் பயன்பட்ட முகாம். போதைக்காரரும் அங்கேதான் போனார்கள். 2022 ஜூனில் அங்கிருந்த ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து நோயாளிகள் அப்படி ஓடுவதில்லை.

குற்றம் குறைய வேண்டுமென்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். ஹெரோயினுக்கு அடிமையானவர் பல வேளை களவெடுப்பது சந்தோஷத்துக்கல்ல. உடம்பு நடுங்கி வலிப்பதைத் தடுக்கத்தான். மறியலில் அந்த நடுக்கம் நிற்கும், ஆசை நிற்காது. வெளியே வந்தவர் பழைய அளவையே எடுத்தால், தாங்கும் சக்தி குறைந்த உடம்பு மௌத்தாகவும் கூடும். 1989 இல் அமெரிக்காவின் மயாமியில் தொடங்கிய போதைப்பொருள் நீதிமன்றம் வேறு வழி பார்த்தது. பிரதிவாதி ஊரிலிருந்தே சிகிச்சைக்குப் போவார். சிறுநீர்ப் பரிசோதனை கொடுப்பார். நீதிபதியின் முன் திரும்பத் திரும்ப வருவார். ஒழுங்காக முடித்தால் வழக்கு நீங்கும். இத்தகைய நீதிமன்றங்களை ஆராய்ந்தவர்கள் பலர், மறுபடி குற்றம் செய்வது குறைந்ததைக் கண்டார்கள். தவறினால் மறியல் என்ற பயம் அங்கும் உண்டு. ஆனால் அவரைத் தொடர்ந்து பார்ப்பதற்கு ஒருவர் இருக்கிறார்.

நம்மிடம் சட்டம் இருக்கிறது. அந்தத் தொடர்ச்சிதான் இல்லை. குறையை அரசின் தலையில் மட்டும் போட்டுவிட்டு நான் தப்ப முடியாது. அந்த உம்மாவின் மகன் திரும்பி வந்து, ஆறு மாதம் சுத்தமாக இருந்தார். ஜும்ஆவுக்கு வந்தால் பக்கத்து ஸஃப்பில் இருந்தவர்கள் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வேலை கேட்டுக் கடை கடையாக ஏறினார். எனக்கும் கடை இருக்கிறது. "பிறகு பாப்பம் தம்பி" என்றேன்.

இப்போது அவர் மறுபடி மறியலில். உம்மா என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.