ஒரு அரக்கனைக் கொன்றால் எத்தனை மார்க்?

கம்ப்யூட்டர் கேம் ஆடுகிற எல்லோருக்கும் எக்ஸ்பி தெரியும். எதிரி செத்தால் ஒரு எண் எழும்பும், எண் சேரச் சேர லெவல் ஏறும். இந்தப் பழக்கம் கம்ப்யூட்டரில் பிறந்ததல்ல. பேப்பர், பென்சில், பகடையோடு நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டிலிருந்து வந்தது. ஒருவர் நடுவராக இருந்து கதையையும் அரக்கர்களையும் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருப்பார்கள்.

நடுவருக்குத்தான் தலைவலி. இன்றைக்கு எத்தனை அரக்கர்களை விடுவது? குறைந்தால் எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். கூடினால் ஒரு நண்பன் ஆறு மாதமாக ஆசையாக வளர்த்த பாத்திரம் ஒரே ராத்திரியில் செத்துப்போகும். இந்தக் கணக்கைச் சரியாகப் போட ஐம்பது வருடமாக முயல்கிறார்கள். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

விளையாட்டு வெளிவந்தது 1974-ல். எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். அதற்கு முன்னோடி 1971-ல் கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய செயின்மெயில் என்ற போர் விளையாட்டு. அதில் 'ஹீரோ' என்றால் நான்கு சிப்பாய்க்குச் சமம், 'சூப்பர் ஹீரோ' என்றால் எட்டு. 1974 விளையாட்டில் நான்காம் லெவல் வீரனுக்குப் பட்டம் ஹீரோ, எட்டாம் லெவலுக்கு சூப்பர் ஹீரோ. ஆக லெவல் என்பதே முதலில் 'இவன் எத்தனை ஆளுக்குச் சமம்' என்ற எண்ணிக்கைதான்!

அரக்கர்களின் பலத்தைப் பகடைகளில் அளந்தார்கள். ஆறு பகடை அரக்கன் என்றால் ஆறு பகடை உருட்டி வரும் கூட்டுத்தொகைதான் அவன் உயிர்ப்புள்ளி. கொன்றால் பகடைக்கு ஏறக்குறைய 100 அனுபவப் புள்ளி. கூடவே, கொண்டுவரும் தங்கக் காசு ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. புத்தகத்தில் வரும் உதாரணத்தில் ட்ரோல் ஒன்றைக் கொன்றால் 700, அது காவல் காத்த புதையலுக்கு 7000. உங்கள் லெவல் அரக்கனுடையதை விட அதிகம் என்றால் அந்த விகிதத்தில் வெட்டு விழும். எட்டாம் லெவல்காரர் ஏழாம் லெவல் ட்ரோலை ஜெயித்தால் எட்டில் ஏழு பங்குதான்.

வீரன் இரண்டாம் லெவலுக்கு ஏற 2000 புள்ளி வேண்டும். அடுத்தது 4000, 8000, 16000 என்று இரட்டித்துக்கொண்டே போகும். பகடைக்கு நூறு என்றால் இருபது சின்ன எதிரிகளிலேயே முதல் படி ஏறிவிடலாம். இது ரொம்பத் தாராளம் என்று எழுதியவர்களுக்கே தோன்றிவிட்டது. 1975-ல் வந்த கிரேஹாக் துணைநூலில் வெட்டித் தள்ளினார்கள். 1981-ல் வந்த பேசிக் பெட்டியின் அட்டவணைப்படி ஒரு பகடை எதிரிக்கு 10 புள்ளி, இரண்டுக்கு 20, நான்குக்கு 75, எட்டுக்கு 650. பகடை எட்டு மடங்கானால் பரிசு அறுபத்தைந்து மடங்கு. காரணம் உண்டு. பெரிய அரக்கன் அதிக நேரம் தாக்குப்பிடிப்பான், அடியும் குறி தவறாமல் விழும். இரண்டும் கூடுவதில்லை, பெருகுகின்றன.

இந்த வெட்டின் விளைவைப் பாருங்கள். சண்டை மட்டும் போட்டு இரண்டாம் லெவல் ஏற 200 எதிரிகளைக் கொல்ல வேண்டும். தூங்குகிற அரக்கனின் பெட்டியைச் சத்தமில்லாமல் தூக்கினால் அதே புள்ளி ஒரே நாளில் கிடைக்கும். அதனால் பழைய ஆட்டக்காரர்களுக்குச் சண்டை என்பது திட்டம் சொதப்பியதற்கான அடையாளம். பேசினார்கள், ஏமாற்றினார்கள், ஓடினார்கள். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு தங்கத்துக்குப் புள்ளி என்பதை 'விருப்பம் இருந்தால்' என்று ஒதுக்கியது. எனக்கு இது பெரிய இழப்பாகத்தான் படுகிறது. எதற்கு மார்க் உண்டோ அதைத்தானே படிப்போம்? கொலைக்கு மார்க் என்றதும் எல்லோரும் கொலை செய்ய ஆரம்பித்தார்கள்.

விளையாட்டின் சொந்தக்காரரான டி.எஸ்.ஆர். நிறுவனத்தை 1997-ல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் நிஜமான கணிதம் ஆரம்பம். ஒவ்வொரு அரக்கனுக்கும் 'சவால் எண்' கொடுத்தார்கள். சவால் எண் 4 என்றால், நான்காம் லெவல் ஆட்கள் நான்கு பேர் மோதினால் உயிர்ப்புள்ளி, மந்திரம் எல்லாம் சேர்த்து சுமார் 20 சதவீதம் செலவாக வேண்டும். அந்த மோதலுக்கு 1200 புள்ளி, தலைக்கு 300. அடுத்த லெவலுக்குத் தேவை 4000. வகுத்தால் 13.33 மோதல். ஒன்றாம் லெவலில் 1000-ஐ 75 ஆல் வகுத்தாலும் அதே 13.33! பழைய இரட்டிப்பு ஏணி போய், எல்லாப் படியும் ஒரே உயரமாகிவிட்டது.

இன்னொரு அழகு: சவால் எண் இரண்டு கூடினால் பரிசு இரட்டிப்பு. நான்காம் லெவல் ஆட்களுக்கு 1200, 1600, 2400 என்று போகும். அப்படியானால் ஒரு படிக்கு இரண்டின் வர்க்கமூலம், அதாவது 1.41 மடங்கு இருக்க வேண்டும். அதை மேசையில் யார் பெருக்குவது? அதனால் 4/3, 3/2 என்று மாற்றி மாற்றி வைத்து ஒப்பேற்றிவிட்டார்கள். இரண்டையும் பெருக்கினால் சரியாக 2 :-)

2008-ல் நான்காம் பதிப்பு இதைக் கடைக்குப் போகிற பட்ஜெட் மாதிரி ஆக்கியது. முதல் லெவல் சாதா அரக்கன் 100 புள்ளி, ஐந்து பேருக்கு 500 ரூபாய் பர்ஸ் மாதிரி, வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம்.

2014-ல் ஐந்தாம் பதிப்பு, கூட்டத்தின் ஆபத்தைக் கணக்கில் சேர்க்கப் பெருக்கல் எண் கொண்டுவந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு கோப்ளினைக் கொல்கிறோம் என்று வையுங்கள். ஒன்று வந்தால் ஒரு அடி வாங்குவோம். இரண்டு வந்தால் 2+1 = 3. மூன்று வந்தால் 6. நான்கு வந்தால் 10. புத்தகம் சொல்வது: இரண்டுக்கு 1.5 ஆல் பெருக்கு, அதாவது 3. மூன்று முதல் ஆறு வரை 2 ஆல் பெருக்கு, அதாவது மூன்றுக்கு 6. கச்சிதம்! நான்குக்கு 8 தான் வருகிறது, அதற்கு மேல் புத்தகம் இன்னும் பின்தங்குகிறது. ஒரே மந்திரத்தில் கும்பலையே எரிக்க முடியும் என்பதால் அதுவும் நியாயமே. ஆனால் இந்தப் பெருக்கல் ஆபத்தை அளக்க மட்டும்தான். பரிசு கொடுக்கும்போது கிடையாது!

அதே வருடம் வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர்' என்ற தொடக்கக் கதையில் முதல் சண்டையே நான்கு கோப்ளின்கள் பதுங்கி இருந்து தாக்குவதுதான். ஒன்றுக்கு 50 புள்ளி, நான்குக்கு 200, இரண்டால் பெருக்கினால் 400. முதல் லெவல் ஆட்கள் நான்கு பேருக்கு 'மரண ஆபத்து' என்ற எல்லைக்கோடும் சரியாக 400. முதல் தடவை ஆடுகிறவர்களுக்கு இதுதான் வரவேற்பு!

2024-ல் வந்த நடுவர் கையேட்டில் அந்தப் பெருக்கலையே எடுத்துவிட்டார்கள். கணக்குச் சுலபமாகிவிட்டது. இப்போது 50 புள்ளி கோப்ளின்கள் நான்கு வந்தால் வெறும் 200, நான்கு பேருக்குப் புதிய அட்டவணையின் மிகக் கீழான படி அது. முதல் லெவல் மந்திரவாதிக்கு 2014-ல் உயிர்ப்புள்ளி ஆறோ ஏழோ, கோப்ளின் அம்பு ஒன்று சராசரியாக 5.