பார்னல்லி விண்கல்லும் அதன் பதிவுகளும்

பார்னல்லி என்பது 1857 பிப்ரவரி 28 அன்று தமிழகத்தில் விழுந்த விண்கல்லின் பெயர். இரண்டு கற்கள் விழுந்தன. ஒன்று 134 பவுண்டு, மற்றொன்று 37 பவுண்டு. சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 77.6 கிலோ. பெரிய கல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

விண்கல்லுக்கு அது விழுந்த அல்லது கிடைத்த இடத்தின் பெயரைச் சூட்டுவதே உலக வழக்கம். ஆனால் பார்னல்லி என்றொரு ஊரை இன்றைய நிலப்படத்தில் தேடினால் கிடைக்காது. பழைய குறிப்புகள் 'மதுரை மாவட்டம்' என்கின்றன. அதை நம்பி இன்றைய மதுரை மாவட்டத்தில் தேடுவோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். இராமநாதபுரம் 1910-இல்தான் தனி மாவட்டம் ஆனது. அதுவரை அந்தச் சீமை மதுரையோடு இருந்தது. பட்டியலில் தரப்பட்ட இருப்பிடம் வட அட்சம் 9 பாகை 14 கலை, கிழக்குத் தீர்க்கம் 78 பாகை 21 கலை. இதை நிலப்படத்தில் வைத்தால் கமுதி வட்டத்துப் பெருநாழிக்கு அருகில் போய் நிற்கிறது. 'பெருநாழி'தான் ஆங்கிலேயர் வாயில் 'பார்னல்லி' ஆயிற்று என்பது என் கருத்து. தூத்துக்குடியை டூட்டிகொரின் ஆக்கியவர்கள் அல்லவா!

பெயரும் எல்லையும் மாறிய பின்னும் ஊரைக் கண்டுபிடிக்க உதவியவை அந்த எண்களே. எங்கள் சுசீந்திரம் கோயிலில் கல்லிலேயே எழுத்து உண்டு. விண்கல்லில் எழுத்து இல்லை. உடன் வரும் சீட்டுதான் அதற்குக் கல்வெட்டு.

கல்லை ஆய்வுக்கூடத்தில் அறுத்துப் பார்த்தால் அதன் வகை தெரியும். பார்னல்லி, காண்டிரைட் வகையில் பெரிதும் மாற்றமடையாத பழைய கல். ஆனால் விழுந்த நாளை அறுத்துப் பார்த்து அறிய முடியாது. 1898-இல் பழனி மலையில் கிடைத்த கொடைக்கானல் இரும்பு விண்கல் விழுந்ததை எவரும் பார்த்துப் பதியவில்லை. ஆகவே பட்டியல்களில் அது 'விழுந்தது' அல்ல, 'கண்டெடுக்கப்பட்டது' என்ற பிரிவில் வருகிறது.

சகாரா பாலைவனத்தில் பொறுக்கப்பட்டு மொராக்கோ வணிகர் வழியாக விலைக்கு வரும் கற்கள் பலவற்றுக்குக் கிடைத்த இடமே தெரியாது. அவற்றுக்கு ஊர்ப்பெயர் கிடையாது. 'வடமேற்கு ஆப்பிரிக்கா' என்ற பொதுப்பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே. ஒரே வீழ்ச்சியின் துண்டுகள் பல கைகளுக்குப் போய் வெவ்வேறு எண்களைப் பெறுவதும் உண்டு. அவை ஒரே கல்லின் துண்டுகளா என்று பின்னர் ஆய்வு செய்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் விண்கற்களைத் திரட்டிக் காப்பது கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அதன் சேகரிப்புக்குக் காகின் பிரவுன் தொகுத்த பட்டியல் 1916-இல் வெளியானது. மாணவர் எவரேனும் ஐயத்துக்குரிய கல்லைக் கண்டால், எடுப்பதற்கு முன் கிடந்த நிலையிலேயே படம் பிடிக்க வேண்டும். இடம், நாள், நேரம், கண்டவர் பெயர், எடை ஆகியவற்றை அன்றே எழுதி, அந்தத் தாளைக் கல்லோடு சேர்த்தே அத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.