புணேயின் ஆறுகளும் கரையோரக் காப்புப் பட்டையும்

ஆற்றையோ ஓடையையோ ஒட்டி, கட்டடமும் தார்ச்சாலையும் உழவும் இல்லாமல் மரத்துக்கும் புதருக்கும் புல்லுக்கும் விட்டுவைக்கும் நிலமே கரையோரக் காப்புப் பட்டை. மகாராஷ்டிரத்தின் புணே நகரில் முளா, முட்டா ஆறுகளின் கரையில் இந்த நிலம் பல பத்தாண்டுகளாகச் சுருங்கி வருகிறது. இரண்டு ஆறுகளும் நகருக்குள்ளேயே கலந்து, கிழக்கே ஓடி பீமாவில் சேர்கின்றன. பீமாவின் நீர் உஜனி அணையில் தேங்குகிறது. சோலாப்பூர் மக்கள் குடிப்பது அந்த நீரைத்தான். ஆகவே புணேயின் கரை எப்படியிருக்கிறது என்பது புணேக்காரர்களின் கவலை மட்டுமல்ல.

பட்டை வேலை செய்யும் விதம் எளிது. மேட்டிலிருந்து பரவி வரும் மழைநீரின் வேகத்தைப் புல்லும் சருகும் தணிக்கின்றன. வண்டல் அங்கேயே படிகிறது, அதில் ஒட்டியிருக்கும் பாஸ்பரஸும் தங்கிவிடுகிறது. நைட்ரேட் நீரில் கரைந்து மண்ணுக்குள் இறங்கும். வேர்களைச் சுற்றிய ஈரமான, ஆக்ஸிஜன் குறைந்த மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. நீர்மருது, அத்தி, புங்கம், நாவல் போன்ற மரங்களின் வேர் கரையைப் பிடித்து நிற்கும். நிழலோ நீரைக் குளிர்விக்கும். குளிர்ந்த நீரில் ஆக்ஸிஜன் கூடுதலாகக் கரையும் என்பதால் மீன்களுக்கு மூச்சு கிடைக்கும்.

மகாராஷ்டிரத்தில் ஆற்றோரத்தை வரையறுப்பவை இரண்டு வெள்ளக் கோடுகள். 25 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தின் எல்லை நீலக்கோடு. 100 ஆண்டு வெள்ளத்தின் எல்லை சிவப்புக்கோடு. நீலக்கோட்டுக்குள் கட்டடம் கூடாது, இரண்டுக்கும் இடையில் கட்டுப்பாடுகளோடு கட்டலாம். ஆனால் இவை வெள்ளத்தை நினைத்துப் போட்ட கோடுகள், நீரின் தூய்மையை நினைத்தல்ல. மாசு பரப்பும் ஆலைகளை ஆற்றிலிருந்து தள்ளி நிறுத்த 2000-இல் வகுத்த ஆற்று ஒழுங்குமுறை மண்டலக் கொள்கையை மாநில அரசு 2015-இல் கைவிட்டது. அது பெரிய இழப்பு.

2022 மார்ச் 6 அன்று பிரதமர் நரேந்திர மோதி அடிக்கல் நாட்டிய ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டம் 44 கிலோமீட்டர் நீளமுள்ளது. வெள்ளத் தடுப்பும் மக்கள் நடமாட இடமும் கிடைக்கும் என்கிறது மாநகராட்சி. ஆறு குறுகும், முதிய மரங்கள் போகும் என்று சூழலியலாளர்கள் எதிர்க்கிறார்கள். 2023 ஏப்ரலில் மரங்களைக் காக்க நகரில் பேரணி நடந்தது. கரையை உயர்த்தி மேலே வரிசையாக மரம் நட்டால் பார்வைக்குப் பசுமையாக இருக்கும். ஆனால் நைட்ரேட்டை அகற்றுவது ஆற்றோடு தொடர்புள்ள தாழ்ந்த ஈரமண். அந்தத் தொடர்பை உயர்த்திய கரை துண்டித்துவிடும்.

எந்தப் பட்டையாலும் ஆகாத வேலையும் ஒன்று உண்டு. குழாய் வழியே நேராக ஆற்றில் விழும் சாக்கடை, எத்தனை மீட்டர் அகலக் காட்டையும் தாண்டிப் போய்விடும். அதற்குச் சுத்திகரிப்பு நிலையம்தான் வழி. ஜப்பானிய நிதியுதவியுடன் 2016-இல் ஒப்பந்தமான திட்டம் நாளொன்றுக்கு 39.6 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்க 11 நிலையங்களை வகுத்தது.

பட்டையின் பலன் மிகுதியாகக் கிடைப்பது சிற்றோடைகளில். பேராற்றுக்கு வரும் நீரில் பெரும்பங்கு அவற்றின் வழியாகவே வருகிறது. புணேயில் மிக மோசமாக நெருக்கப்பட்டவையும் அவையே. காத்ரஜ் குன்றுகளிலிருந்து இறங்கும் அம்பில் ஓடை 2019 செப்டம்பர் 25 இரவு பெருக்கெடுத்து, கரையோரக் குடியிருப்புகளில் பலரின் உயிரைப் பறித்தது. பட்டையின் அகலத்தைச் சட்டத்திலேயே எழுதி வைத்த இடமும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2015-இல் இயற்றிய சட்டம் ஆறு, ஏரிகளின் கரையில் சராசரி 50 அடி நிலையான தாவரப் பட்டையைக் கேட்கிறது. பொது வடிகால் வாய்க்காலுக்கும் 16.5 அடி உண்டு. மேற்குக் குன்றுகளில் பிறந்து, பாவ்தன், பாஷாண் ஏரி வழியாக முளாவில் சேரும் ராம்நதிக்கு அப்படியொரு அளவை இன்றே எழுதி வைப்பது, அதன் கரையில் மிஞ்சியிருக்கும் மண்ணையாவது காப்பாற்றும்.