‘காஷ்மீர் பிரின்ஸஸ்’ கற்பித்த பாடம்

விமானம் ஏறப் புகுவோரின் பெட்டிகளையும் உடைமைகளையும் இன்று ஆராய்ந்து பார்க்கின்றனர். இவ்வழக்கம் வேரூன்றாத காலமும் ஒன்று இருந்தது. அக்காலத்தே நம் நாட்டு விமானம் ஒன்றுக்கு நேர்ந்த கதியை ஈண்டு நினைவுகூர்வோம்.

1955 ஏப்ரல் 11ஆம் நாள், ஏர் இந்தியா நிறுவனத்தின் ‘காஷ்மீர் பிரின்ஸஸ்’ என்னும் விமானம் ஹாங்காங்கிலிருந்து ஜாகர்த்தாவை நோக்கிப் புறப்பட்டது. பாண்டுங் நகரில் கூடவிருந்த ஆசிய-ஆப்பிரிக்க மகாநாட்டிற்காகச் சீன அரசு அதனை வாடகைக்கு அமர்த்தியிருந்தது. மகாநாட்டுப் பிரதிநிதிகளும் பத்திரிகையாளருமாகப் பயணிகள் 11 பேர். விமான ஊழியர் 8 பேர். சீனப் பிரதமர் சூ என்-லாயும் இதில் செல்வதாகவே எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அவர் தம் பயணத்தை மாற்றிக்கொண்டு, ரங்கூன் வழியாகச் சென்றார்.

புறப்பட்டு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழிந்தபின், கடலுக்கு மேல் குண்டு வெடித்தது. வலப்பக்க இறக்கையில் தீ மூண்டது; உள்ளே புகை சூழ்ந்தது. விமானத் தலைவர் ஜதார் விமானத்தைக் கடலில் இறக்க முற்பட்டார். நதூனாத் தீவுகளுக்கு அருகே தாம் இருக்கும் இடத்தை ஊழியர்கள் வானொலி வாயிலாக அறிவித்தனர். பணிப்பெண் குளோரியா பெர்ரி பயணிகளுக்கு உயிர்காப்புச் சட்டைகளை வழங்கினார். கடமையினின்றும் வழுவாமலே இருவரும் உயிர் நீத்தனர். அவர்களுக்கு அசோக சக்கர விருது அளித்து நாடு போற்றியது. மாண்டோர் 16 பேர், பிழைத்தோர் மூவர். அம்மூவரும் விமான ஊழியரே.

கடலடியிலிருந்து எடுக்கப்பெற்ற சிதைவுகளை ஆராய்ந்த இந்தோனேஷிய விசாரணைக் குழு, காலங்குறித்து வெடிக்கும் குண்டே காரணம் எனக் கண்டது. ஹாங்காங் விமான நிலையத்தில் துப்புரவுப் பணி செய்த ஒருவன், கோமிந்தாங் உளவாளிகளின் ஏவலால் அதனை வைத்தான் என்பது அங்குள்ள போலீசாரின் முடிவு. அவனோ அதற்குள் தைவானுக்குப் பறந்துவிட்டான். அவனை ஒப்படைக்குமாறு கேட்டும் பயனில்லை. பதினாறு உயிர்களுக்கு நீதி கிட்டாமலே போயிற்று.

குற்றவாளி எல்லை கடந்தால் தப்பலாம் என்னும் இக்குறையை நீக்கவே, 1971இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை உருவாயிற்று. விமானத்தில் வெடிபொருள் வைத்தவனைத் தன் எல்லைக்குள் காணும் நாடு, அவனை ஒப்படைத்தல் வேண்டும். அன்றேல் தானே வழக்குத் தொடர முற்படல் வேண்டும் என அது விதித்தது.

ஆயினும் சட்டம் மட்டும் போதாது என்பதை 1985 ஜூன் 23 உணர்த்தியது. உரியவர் ஏறாமலே பெட்டி மட்டும் ஏறியது. அப்பெட்டியிலிருந்த குண்டினால் ‘கனிஷ்கா’ விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலின் மேல் சிதறி 329 பேர் மாண்டனர். அதன் பின்னரே, பயணி ஏறாவிடில் அவர் பெட்டியும் ஏறலாகாது என்னும் விதி உலகெங்கும் வலுப்பெற்றது.

தொலைவிலுள்ள மாநிலங்களில் வாழும் நம்மவர், பண்டிகைக்கு ஊர் திரும்புங்கால் விமான நிலையத்தில் நெடுநேரம் வரிசையில் நிற்க நேர்கின்றது. அக்காத்திருப்பு வீணன்று. அங்குள்ள ஒவ்வொரு விதியின் பின்னும் மீளா உயிர்கள் உள்ளன என்பதை உணர்ந்தால், பொறுமை தானே வரும்.