சரக்கு வேகன் அடையாளக் குறியீடுகள்: அமெரிக்க ரயில்வேயின் அனுபவம்

சரக்கு ரயிலின் ஒவ்வொரு வேகனிலும் எழுத்துகளும் எண்களும் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். அந்த வேகன் யாருடையது, எத்தனையாவது என்பதைச் சொல்லும் அடையாளம் அது. இந்த அடையாளத்தை இயந்திரமே படிக்கும்படி செய்ய அமெரிக்க ரயில்வே நிறுவனங்கள் இரண்டு முறை முயன்றன. முதல் முயற்சி சுமார் பத்தாண்டுகளில் கைவிடப்பட்டது. இரண்டாவது முயற்சி இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

தேவை ஏன் எழுந்தது?

அமெரிக்காவில் ரயில் பாதைகள் பல தனியார் நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. ஒரு நிறுவனத்தின் வேகன் சரக்குடன் புறப்பட்டால், சேருமிடம் போவதற்குள் வேறு இரண்டு மூன்று நிறுவனங்களின் பாதைகளைக் கடக்க நேரிடும். அடுத்தவர் வேகனைத் தன் பாதையில் வைத்திருக்கும் நிறுவனம் அதன் உரிமையாளருக்கு வாடகை தரவேண்டும். எனவே எந்த வேகன், எந்த நாளில், யார் பாதையில் இருந்தது என்ற கணக்கு பணத்தோடு நேரடியாகத் தொடர்புடையது.

இந்தக் கணக்கு நெடுங்காலம் மனிதக் கண்ணையும் பென்சிலையும் நம்பியிருந்தது. யார்டுகளில் எழுத்தர்கள் இரவும் பகலும், மழையிலும் பனியிலும் நின்று, கடந்து செல்லும் வேகன்களின் எண்களைக் குறித்தார்கள். ஓர் இலக்கம் தவறினாலும் ஒரு வேகன் கணக்கில் காணாமல் போகும். சரக்கை எதிர்பார்த்திருக்கும் வணிகருக்கு அது எங்கே நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

எழுத்தும் எண்ணும்

வட அமெரிக்க வேகனின் அடையாளம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி உரிமையாளரைக் குறிக்கும் இரண்டு முதல் நான்கு எழுத்துகள். 'யூ.பி.' என்றால் யூனியன் பசிபிக் நிறுவனம். எழுத்துகள் 'எக்ஸ்' என்று முடிந்தால், வேகன் ரயில்வே நிறுவனத்துக்கு உரியதல்ல; வாடகைக்கு விடும் நிறுவனம் போன்ற வேறொருவருக்கு உரியது. 'ஜி.ஏ.டி.எக்ஸ்.' இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டாம் பகுதி அதிகபட்சம் ஆறு இலக்கங்கள் கொண்ட வேகன் எண். இரண்டும் சேர்ந்த அடையாளம் ஒரே நேரத்தில் இரண்டு வேகன்களுக்கு இருக்காது.

வேகனின் நீளம், கொள்ளளவு, வகை போன்ற விவரங்கள் 'அம்லர்' என்னும் மையப் பதிவேட்டில் உள்ளன. அடையாளத்தைச் சரியாகப் படித்துவிட்டால் மற்றவற்றைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வண்ணப் பட்டைகள்

இயந்திர வாசிப்புக்கான முதல் பெரிய முயற்சி 'கார்ட்ராக்' எனப்பட்டது. சில்வேனியா நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் காலின்ஸ் இதன் உருவாக்கத்துக்கு முன்னின்றவர். ஒளியைத் திருப்பி அனுப்பும் சிவப்பு, நீலம், வெள்ளைப் பட்டைகளும் கறுப்பும் கொண்ட தகடு வேகனின் இரு பக்கங்களிலும் பொருத்தப்பட்டது. தகட்டில் 13 வரிசைகள் இருந்தன. தொடக்கக் குறி, வேகன் வகைக்கு 1 இலக்கம், உரிமையாளருக்கு 3, வேகன் எண்ணுக்கு 6, முடிவுக் குறி, சரிபார்ப்பு இலக்கம் என்ற முறையில் அவை அமைந்தன. பாதையோரக் கருவி ஒளியைப் பாய்ச்சி, திரும்பிவரும் நிறங்களைக் கொண்டு எண்ணை அறிந்தது. பின்னாளில் கடைகளில் பரவிய பட்டைக் குறியீட்டின் முன்னோடிகளில் இதுவும் ஒன்று.

1967இல் அமெரிக்க ரயில்வே சங்கம் இதைப் பொதுத் தரமாக ஏற்றது. அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலான வேகன்களில் தகடு ஏறிவிட்டது. ஆனால் 1970களின் நடுவில் ஆய்ந்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு தகட்டைக் கருவியால் சரியாகப் படிக்க முடியவில்லை. அழுக்கும் சேதமும் முக்கியக் காரணங்கள். சரிபார்ப்பு இலக்கம் தவறான வாசிப்பைக் காட்டிக்கொடுக்கும். சேறு மூடிய பட்டையைத் துடைத்துத் தராது.

பராமரிப்பிலும் ஒரு சிக்கல் இருந்தது. தகடு ஒருவருடைய வேகனில் இருக்கும். அதைப் படிக்கும் கருவி மற்றொருவர் பாதையில் இருக்கும். ஒருவர் தகட்டைத் துடைத்தால் பயன் பெரும்பாலும் அடுத்தவருக்கே. எல்லோரும் கருவி வாங்கி, எல்லோரும் தகடுகளைப் பேணினால்தான் முறை வெற்றி பெறும். அந்தக் காலத்தில் பல ரயில்வே நிறுவனங்கள் பண நெருக்கடியில் இருந்தன. 1970இல் பென் சென்ட்ரல் நிறுவனம் திவாலானது. கருவிகள் போதிய அளவில் நிறுவப்படவில்லை. 1970களின் பிற்பகுதியில் திட்டம் கைவிடப்பட்டது.

இதே பத்தாண்டில், 1974இல், ஒஹையோ மாநிலத்தின் ஒரு கடையில் பட்டைக் குறியீடு முதன்முதலாகப் பொருள் விற்பனையில் படிக்கப்பட்டது. பிறகு உலகமெங்கும் பரவியது. கடைப் பொருளின் சீட்டு ஒரு முறை, கைக்கெட்டும் தூரத்தில் படிக்கப்பட்டால் போதும். வேகனின் தகடோ வெயிலிலும் பனியிலும் கரித்தூளிலும் பல ஆண்டுகள் தாங்கவேண்டும்.

வானலை அட்டை

அடுத்த தீர்வு ஒளியை நம்பவில்லை. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1970களில் நடந்த ஆய்விலிருந்து வளர்ந்த வானலை அடையாள முறை அது. பாதையோரக் கருவி அனுப்பும் அலையை வேகனிலுள்ள சிறு அட்டை தன் அடையாளத்தை ஏற்றித் திருப்பி அனுப்புகிறது. பொதுவாக இதற்கு மின்கலம் தேவையில்லை. அழுக்குப் படிந்தாலும் படிக்கலாம். 1991இல் இது கட்டாயமாக்கப்பட்டு, 1990களின் நடுவில் பெரும்பாலான வேகன்களில் இடம்பெற்றது. இம்முறை தரமும் கெடுவும் எல்லோருக்கும் பொதுவாக வகுக்கப்பட்டன.

அட்டையில் உரிமையாளர் எழுத்துகளும் வேகன் எண்ணும் முன்போலவே உள்ளன. அச்சுகளின் எண்ணிக்கை, நீளம், அட்டை வேகனின் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பன கூடுதல். பக்கம் தெரிவதால் வேகன் எந்த முனையை முன்வைத்து ஓடுகிறது என்பதையும் அறியலாம்.

இந்தியாவில்

இந்திய ரயில்வே வேகன்களில் 11 இலக்க எண் உள்ளது. முதல் 2 வேகன் வகை. அடுத்த 2 உரிமை கொண்ட ரயில்வே. அடுத்த 2 தயாரிப்பு ஆண்டு. அடுத்த 4 தனி எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. வேகன்களில் வானலை அட்டை பொருத்தும் பணியும் இங்கு நடைபெறுகிறது. ஆனாலும் எண்ணை வண்ணத்தில் எழுதும் வழக்கம் இரு நாடுகளிலும் நீடிக்கிறது. அட்டை பழுதானால் யார்டு ஊழியர் பார்த்து எழுத அந்த எண்தான் உதவுகிறது.