பர்லிங்டன் மேகசின்: சேகரிப்பாளர் இதழ் ஆய்விதழான வரலாறு (1903–1986)

லண்டனிலிருந்து 1903 மார்ச் முதல் மாதந்தோறும் வெளிவரும் பர்லிங்டன் மேகசின், ஆங்கிலக் கலை வரலாற்று இதழ்களில் மூத்தவற்றுள் ஒன்று. தொடக்கத்தில் அதன் பெயரோடு ‘கலையறிந்தோருக்காக’ என்ற பொருள் தரும் ஒரு துணைப்பெயரும் சேர்ந்திருந்தது. பழைய ஓவியங்களையும் பீங்கானையும் வெள்ளிப் பாத்திரங்களையும் விலை கொடுத்து வாங்கிய செல்வர்களும், எதை வாங்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லித் தந்தவர்களுமே அந்தக் கலையறிந்தோர். 1948இல் துணைப்பெயர் மறைந்தது. பல்கலைக்கழக அறிஞர்கள் உள்ளே வர, சேகரிப்பாளர்கள் வெளியேறினர் என்று இம்மாற்றத்தைப் படிப்பது எளிது. இக்கட்டுரை அவ்வாறு கருதவில்லை. யார் வரைந்தது, எப்போது வரைந்தது, அசலா போலியா என்னும் சேகரிப்பாளரின் கேள்விகளே ஆய்வின் கேள்விகளாக நிலைத்தன. அவற்றுக்கான விடையை ஏற்பதற்குக் கோரப்பட்ட சான்றுதான் மாறியது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

தோற்றச் சூழல்

இங்கிலாந்தில் கலை வரலாற்றைத் தனித்துறையாகக் கற்பிக்கும் கோர்டோல்ட் நிறுவனம் 1932இல்தான் உருவானது. 1903இல் அந்த அறிவு சேகரிப்பாளர் வீடுகளிலும் ஏலக் கூடங்களிலும் அருங்காட்சியகங்களிலும்தான் இருந்தது. 1901இல் தொடங்கப்பட்ட ‘கானசர்’ என்ற இதழ் சேகரிப்பாளர்களைக் குறிவைத்து நல்ல விற்பனை கண்டது. அதைவிடக் கனமான ஓர் இதழை, பாரிஸின் ‘கசெட் தே போஸார்’ போன்ற ஒன்றை, விரும்பியவர்கள் கலை அறிஞர்களான ரோஜர் ஃபிரை, ஹெர்பர்ட் ஹோர்ன், பெர்னார்ட் பெரென்சன் ஆகியோர். ராபர்ட் டெல் முதல் ஆசிரியரானார்.

நல்ல தாளில் ஒளிப்படத் தகடுகளோடு இதழை அச்சிடுவது பெருஞ்செலவு. முதல் ஆண்டு முடிவதற்குள்ளேயே கைமுதல் கரைந்தது. ஃபிரை நண்பர்களிடமும் சேகரிப்பாளர்களிடமும் நிதி திரட்டினார்; சார்லஸ் ஹோம்ஸ் ஆசிரியப் பொறுப்பில் சேர்ந்து நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தினார். 1905இல் ஃபிரை அமெரிக்கா சென்றதற்கு இதழுக்குப் பணம் தேடுவதும் ஒரு காரணம். பழைய ஐரோப்பிய ஓவியங்களை வாங்கிக் குவிக்கும் செல்வம் அப்போது அங்கேதான் இருந்தது. ஆக, இதழின் அறிவுத் தரம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அதன் செலவைத் தாங்கியது கலைச்சந்தையே.

எழுதுபவரே சேகரிப்பவர்

இதழின் தொடக்ககால ஆய்வுமுறை இத்தாலியரான ஜொவான்னி மொரெல்லியிடமிருந்து வந்தது. மருத்துவம் பயின்ற அவர், ஓவியத்தின் முகபாவத்தையோ கதையையோ நம்பாமல் காதுமடல், விரல்நகம் போன்ற சிறு உறுப்புகளைக் கவனிக்கச் சொன்னார். ஓவியன் தன்னை மறந்து பழக்கத்தால் வரையும் இடங்கள் அவை. அங்கேதான் அவனுடைய கை காட்டிக்கொடுக்கும். இம்முறையைப் பெரும் புகழுக்குக் கொண்டுவந்தவர் பெரென்சன்.

முதலாண்டிலேயே இம்முறையின் பலமும் சிக்கலும் ஒருசேர வெளிப்பட்டன. பதினைந்தாம் நூற்றாண்டுச் சியனா ஓவியர் சசெட்டா குறித்து லாங்டன் டக்ளஸ் 1903 மே இதழில் எழுதினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் பெரென்சனும் அதே ஓவியரைப் பற்றித் தொடர் கட்டுரை எழுதினார். மறக்கப்பட்ட ஓவியரைக் கண்டெடுத்த பெருமை யாருக்கு என்ற பூசல் இருவரிடையே மூண்டது. இதில் நோக்கத்தக்க செய்தி வேறு. சசெட்டாவின் பலகை ஓவியங்களைப் பெரென்சன் 1900இலேயே வாங்கி வைத்திருந்தார். டக்ளஸ் பின்னாளில் ஓவிய வணிகரானார். மதிப்பிடுபவர், உடைமையாளர், விற்பவர் என்ற மூன்று பாத்திரங்களுக்கிடையே அன்று வேலி எதுவும் இல்லை.

இந்தியக் கலைக்கும் இதே வழி பயன்பட்டது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1912இல் ராஜபுத்திர ஓவியங்களைப் பற்றி இவ்விதழில் எழுதினார். முகலாய ஓவியத்தின் கிளை என்றே கருதப்பட்டுவந்த அவற்றைத் தனி மரபாக நிறுவுவது அவர் நோக்கம். அவரும் அவ்வோவியங்களைத் தேடித்தேடிச் சேகரித்தவர். 1916இல் அவருடைய பெருநூல் வந்தது. 1917இல் அவருடைய சேகரிப்பு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் சென்றது, அதன் இந்தியப் பிரிவின் பொறுப்பாளராக அவரும் சென்றார். சேகரிப்பு, கட்டுரை, நூல், அருங்காட்சியகம் என்ற இந்த வரிசையில் இதழ் வகித்த இடம் தெளிவானது: தனியார் கையிலிருந்த பொருளைப் பொதுஅறிவுக்குள் கொண்டுவரும் வாசல் அது.

1937: ஒரு கட்டுரையின் விலை

நிபுணரின் கண்ணே போதுமான சான்று என்ற நம்பிக்கை 1937 நவம்பர் இதழில் உச்சம் தொட்டது. டச்சு ஓவியங்களில் மிகப்பெரும் அதிகாரியாகக் கருதப்பட்ட ஆபிரகாம் பிரேடியஸ், எம்மாவூசில் சீடர்களோடு அமர்ந்திருக்கும் கிறிஸ்துவைக் காட்டும் ஓவியம் ஒன்றை வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று அதில் அறிவித்தார். பழுதுபார்ப்பவர் கைபடாத மூலக் கித்தான் அது என்றும் வியந்தார். மறு ஆண்டே ராட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு வந்தது. கொடுத்த விலை ஐந்து லட்சம் கில்டருக்கும் மேல்.

அதை உண்மையில் வரைந்தவர் ஹான் வான் மீகெரன் என்ற டச்சு ஓவியர். பதினேழாம் நூற்றாண்டுப் பழைய கித்தானை எடுத்து, எண்ணெய்க்குப் பதில் பேக்கலைட் வகைப் பிசினில் நிறமிகளைக் குழைத்து, சூட்டடுப்பில் வைத்து இறுக்கி, பிறகு சுருட்டி வெடிப்புகளை வரவழைத்தார். அவருடைய சூழ்ச்சி வேதியியலோடு நிற்கவில்லை. வெர்மீர் இளமையில் இத்தாலியச் சாயலில் மேலும் பல சமய ஓவியங்கள் வரைந்திருக்க வேண்டும் என்ற ஊகம் அறிஞர்களிடையே இருந்தது. அந்த இடைவெளிக்குப் பொருத்தமாக ஓர் ஓவியத்தைத் தயாரித்துக் கொடுத்தார். நாஜித் தலைவர் கோரிங்குக்கு ஒரு ‘வெர்மீர்’ விற்றதற்காக 1945இல் கைதானபோதுதான் உண்மையை ஒப்புக்கொண்டார். 1947 விசாரணையில் ஆய்வகச் சோதனைகள் அதை உறுதிசெய்தன.

இதைப் பிரேடியஸின் தனிப்பட்ட தவறாக மட்டும் கொள்வது போதாது. இதழில் அச்சான ஒரு நிர்ணயம் அப்படியே விலையாக மாறக்கூடிய அமைப்பு ஏற்கெனவே இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம்தான் இல்லை.

சான்றின் மாற்றம்

இதே காலத்தில் வேறொரு போக்கும் இதழில் இடம்பெற்றது. எர்வின் பனோஃப்ஸ்கி 1934இல் வான் ஐக்கின் அர்னோல்ஃபினி ஓவியத்தை ஆராய்ந்து, அது ஒரு திருமணத்தின் சாட்சிப் பத்திரம் என்று வாதிட்டார். வரைந்தவர் யார் என்பதில் அங்கே ஐயமே இல்லை. ஓவியத்தின் பொருள் என்ன என்பதே கேள்வி. அந்த விளக்கம் பின்னர் பலரால் மறுக்கப்பட்டது. ஆனால் மறுப்பவர் சட்ட, சமய ஆவணங்களைக் கொண்டே மறுக்க வேண்டியிருந்தது.

1947 முதல் 1978 வரை ஆசிரியராக இருந்த பெனடிக்ட் நிக்கல்சன் காலத்தில் இந்த வழக்கம் ஊன்றியது. 1962இல் எர்ன்ஸ்ட் காம்பிரிச் எழுதிய கட்டுரையை உதாரணமாகச் சொல்லலாம். லண்டன் தேசிய ஓவியக்கூடம் பழைய ஓவியங்களின் வார்னிஷைச் சுத்தம் செய்வதை எதிர்த்த அவர், பண்டைய கிரேக்க ஓவியர் அப்பெல்லீஸ் தம் ஓவியங்கள்மேல் மெல்லிய கரும்பூச்சு பூசினார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி தரும் குறிப்பை ஆதாரமாக வைத்தார். பிற்கால ஓவியர்களும் அதைப் பின்பற்றியிருக்கலாம். சுத்தம் செய்பவர்கள் அழுக்கென்று எண்ணி ஓவியன் விரும்பிய நிறத்தையே துடைத்துவிடலாம் என்பது வாதம். ஓவியக்கூடத்தின் அறிவியல் பிரிவைச் சேர்ந்த ஜாய்ஸ் பிளெஸ்டர்ஸ் அதே ஆண்டு அதே இதழில் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். இலத்தீன் நூற்சான்றும் ஆய்வகச் சான்றும் ஒரே இதழின் பக்கங்களில் நேருக்கு நேர் மோதின.

முடிவுரை

1986இல் நீல் மெக்ரிகர் ஆசிரியராக இருந்தபோது, இதழ் அதுவரை அதை வைத்திருந்த தாம்சன் நிறுவனத்திடமிருந்து பிரிந்து அறநிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. ஆயினும் கலை வணிகர்களின் விளம்பரங்கள் அதன் பக்கங்களிலிருந்து நீங்கவில்லை. சந்தைக்கும் ஆய்வுக்குமான உறவு அறுந்தது என்று சொல்வதற்கில்லை. அந்த உறவு கட்டுக்குள் வந்தது என்று சொல்லலாம். 1937க்கும் 1962க்கும் இடையே நிபுணர்களின் கண் கூர்மையாகிவிடவில்லை. காம்பிரிச்சும் பிழை செய்யக்கூடியவர்தான். ஆனால் அவருடைய வாதத்தைச் சோதிக்க வேறு துறையினர் இருந்தனர், மறுப்புக்கு அதே இதழில் இடம் இருந்தது, பெயரைக் கண்டு வாயடைத்துப்போகாத வாசகரும் இருந்தனர். சேகரிப்பாளர் இதழை ஆய்விதழ் ஆக்கியவை இவையே.