கான்டன் கரையின் தேநீர் மேசை

முத்துக்குளித்துறை மக்களிடையே 1542-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த புனித பிரான்சிஸ் சவேரியார், பத்தே ஆண்டுகளில் சீனக் கடலோரத்துச் சிறு தீவொன்றில் உயிர் துறந்தார் என்பது நாம் அறிந்ததே. சான்சியான் என்று பழைய நூல்கள் குறிப்பிடும் அத்தீவு, இன்றைய குவாங்டாங் மாநிலத்துத் தாய்ஷான் வட்டாரத்தைச் சேர்ந்தது. கான்டன் நகருக்குத் தம்மை மறைவாக அழைத்துச் செல்வதாக வாக்களித்த வணிகனின் படகுக்காக அவர் காத்திருந்தார். படகு வரவில்லை. 1552 டிசம்பர் 3 அன்று, அந்தோனியோ என்ற சீன இளைஞர் அருகிருக்க, எதிரே தெரிந்த பெருநிலத்தில் கால் வைக்காமலேயே கண்மூடினார்.

அந்தக் கரையைப் பற்றிய நம் அறிவு பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடுகிறது. ஆனால், அங்கு வாழ்ந்த எளிய மக்கள் பிற்காலத்தில் உலகெங்கும் சுமந்து சென்ற உணவுமுறை ஒன்று உண்டு. பெருநகரச் சீன உணவகங்களில் மூங்கில் தட்டுகளில் ஆவி பறக்க வந்து சேரும் ‘டிம் சம்’ என்னும் சிற்றுண்டிகள் அதைச் சேர்ந்தவை. (நம் ஊர்ச் சாலையோரக் கடைகளின் கோபி மஞ்சூரியனுக்கும் இதற்கும் உறவு மிகக் குறைவு.)

சவேரியாருக்குக் கிட்டாத அனுமதி, முப்பது ஆண்டுகளுக்குப் பின் இயேசு சபைத் துறவி மத்தேயு ரிச்சிக்குக் கிட்டியது. 1582-இல் மக்காவுக்கு வந்த அவர், மறு ஆண்டு குவாங்டாங்கின் ஜாவோச்சிங் நகரில் குடியேறினார். அவருடைய குறிப்பேடுகள் 1615-இல் இலத்தீனில் அச்சாயின. ஓர் இலையைக் கொதிநீரில் இட்டு, விருந்தினர் வரும்போதெல்லாம் கொடுக்கும் வழக்கத்தை அவர் அவற்றில் விரிவாக எழுதியிருக்கிறார். கடும் கோடையிலும் சீனர் சூடான பானத்தையே அருந்துவதைக் கண்டு வியந்து, அவர்களுக்குச் சிறுநீரகக் கல் அரிதாக வருவதற்கு அதுவே காரணமாகலாம் என்றும் கருதினார். மருத்துவர்கள் என்ன சொல்வார்களோ! ஆயினும், அந்நாட்டில் விருந்து தேநீரிலிருந்து தொடங்குகிறது என்பதை அவர் சரியாகவே கண்டுகொண்டார்.

கான்டன் மக்கள் இச்சிற்றுண்டி உண்ணப் போவதை ‘யாம் சா’ என்பர். ‘தேநீர் அருந்துதல்’ என்பதே அதன் பொருள். உண்பதைப் பற்றி அப்பெயரில் ஒரு சொல்லும் இல்லை. ‘டிம் சம்’ என்பதை ‘இதயத்தைத் தொடுவது’ என அழகாக மொழிபெயர்ப்போர் உண்டு. பசியை முழுதும் ஆற்றாமல் மனத்தைச் சற்றே தொட்டுவிட்டுப் போவது என்ற அளவில் அதைக் கொண்டால் போதும். நம் ‘சிற்றுண்டி’ என்ற சொல் ஏறத்தாழ அதே இடத்தில்தான் நிற்கிறது.

இவ்வழக்கம் செல்வர் மாளிகையில் பிறந்ததென எண்ணிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கான்டன் தெருக்களில் ‘இரண்டு லி கடைகள்’ என்று பெயர் பெற்ற எளிய கொட்டகைகள் இருந்தன. லி என்பது மிகச் சிறிய நாணய அளவு. அந்த இரண்டு லி கொடுத்தால் ஒரு குவளைத் தேநீர் கிடைக்கும். கரடுமுரடான மர மேசை, விசுப்பலகை, மலிவான பலகாரம் ஒன்றிரண்டும் உண்டு. மூட்டை சுமப்போரும் படகோட்டிகளும் வேலைக்குப் போகுமுன் அங்கே அமர்ந்து பேசிவிட்டுச் செல்வர். மாடி வைத்த தேநீர் இல்லங்கள் பிறகே எழுந்தன. 1880-இல் தொடங்கிய தாவ் தாவ் ஜூ அவற்றுள் புகழ் பெற்றது. பணம் உள்ளவன் மாடிக்கு மேல் மாடி ஏறுவான், இல்லாதவன் தரையில் குந்துவான் என்று அக்காலத்தில் ஊரார் சொல்லிக்கொண்டனராம். ஏழை தொடங்கிய வழக்கத்தில் ஏழைக்குத் தரை மட்டும் மிஞ்சியது.

அந்த மேசைக்கென ஓர் ஒழுக்கமும் உண்டு. தன் குவளையை நிரப்புமுன் அடுத்தவர் குவளையை, அதிலும் மூத்தோர் குவளையை, நிரப்ப வேண்டும். ஊற்றுபவருக்கு நன்றியாக, பெற்றுக்கொள்பவர் இரு விரல்களை மடக்கி மேசையை மெல்லத் தட்டுவார். சியன்லொங் பேரரசர் மாறுவேடத்தில் ஊர் சுற்றியபோது தம் பணியாளருக்குத் தாமே தேநீர் ஊற்றினார் என்றும், விழுந்து வணங்கினால் அரசர் யாரெனத் தெரிந்துவிடுமே என அஞ்சிய பணியாளர் விரல்களை மடக்கி மேசைமேல் ‘மண்டியிட’ வைத்தார் என்றும் கதை சொல்வர். கதைதான், ஆனால் விரல்கள் இன்றும் தட்டுகின்றன. கெண்டியில் வெந்நீர் தீர்ந்தால் கூவி அழைப்பதில்லை. மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் பணியாளருக்குப் புரிந்துவிடும்.

சிற்றுண்டிகளுள் சமையற்காரரின் கைத்திறனைக் காட்டிக்கொடுப்பது ‘ஹா காவ்’ என்னும் இறால் கொழுக்கட்டை. நம் கொழுக்கட்டையைப் போலவே இதற்கும் மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளற வேண்டும். ஆனால் மாவு வேறு. கோதுமையின் பசைப்பகுதியைக் கழுவி நீக்கி எடுத்த வெண்ணிற மாவுச்சத்துடன் மரவள்ளி மாவு போன்ற ஒன்றையும் சிறிது சேர்ப்பர். எண்ணெய் தடவிய அகலமான கத்தியின் பக்கவாட்டால் ஒரே அழுத்தில் தாள்போல் தேய்த்து, இறாலை வைத்து, ஒரு பக்கம் மட்டும் பத்துக்கு மேற்பட்ட மடிப்புகள் எடுப்பர். வெந்தபின் உள்ளேயிருக்கும் இறாலின் செந்நிறம் தோலினூடே தெரிய வேண்டும். குச்சியால் எடுக்கும்போது தோல் கிழியவும் கூடாது. கான்டன் சமையலின் கொள்கையே இதில் அடங்கியிருக்கிறது எனலாம். பொருள் புதிதாக இருந்தால் மசாலாவுக்கு வேலை குறைவு. காரத்துக்குப் பழகிய நம் நாவுக்கு முதல் வாயில் இது சப்பென்றிருக்கும் என்பதையும் மறைப்பானேன்! மூன்றாவது துண்டில்தான் இறாலின் இனிப்பு தெரியவரும். பன்றி இறைச்சி வைத்த ‘சா சியூ பாவ்’, தாமரை இலையில் பொதிந்த பசையரிசிச் சோறு, ஆவியில் வெந்த கோழிக்கால் எனப் பட்டியல் நீளும்.

இனித் தாய்ஷானுக்குத் திரும்புவோம். சவேரியார் கண்மூடிய அதே வட்டாரத்திலிருந்தும் அதன் அண்டை மாவட்டங்களிலிருந்தும் 1849 முதல் ஆடவர் கூட்டம் கூட்டமாகக் கலிபோர்னியாவுக்குக் கப்பல் ஏறினர். தங்கம் தேடினர், இருப்புப்பாதை போட்டனர். வேலை முடிந்ததும் வெறுப்பு தொடங்கியது. 1882-இல் அமெரிக்கா இயற்றிய விலக்குச் சட்டம், சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் நுழைவதைத் தடுத்தது. அங்கேயே தங்கிவிட்டவர்கள் மனைவியை வரவழைக்க வழியில்லை. ஊருக்குப் போனால் திரும்பி வருவதும் உறுதியில்லை. வணிகருக்கு மட்டும் விலக்கு இருந்தது.

இங்கேதான் உணவகம் வரலாற்றுக்குள் நுழைகிறது. 1915-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, உணவக உரிமையாளரும் வணிகர் எனத் தகுதி பெற வழி திறந்தது. உடனே உறவினரும் ஊராரும் சேமிப்பை ஒன்றுசேர்த்துப் பெரிய உணவகங்களைத் திறந்தனர். ஒருவர் ஓராண்டுக்கு மேல் மேலாளராக இருப்பார். அக்காலத்தில் பாத்திரம் கழுவுதல், பரிமாறுதல் முதலிய உடலுழைப்பில் அவர் ஈடுபடக் கூடாது. அதற்கு வெள்ளையர் இருவர் சாட்சி சொல்ல வேண்டும். தகுதி பெற்று அவர் ஊருக்குப் போய்க் குடும்பத்தை அழைத்துவரும்போது, அடுத்த பங்காளி மேலாளர் நாற்காலியில் அமர்வார். இலாபம் மட்டும் கருதிய ஏற்பாடாக இதைக் காண என்னால் இயலவில்லை. பிரிந்த மனைவி மக்களிடம் போய்ச் சேர, சமையற்கட்டின் வழியே அவர்கள் வெட்டிய பாதை அது. அவ்வுணவகங்களின் மேசைக்கு வந்த வெள்ளையர் கேட்டது ‘சாப் சூயி’ என்னும் கலவை. கான்டனின் நுண்ணிய சிற்றுண்டிகளை அறிந்து கேட்டவர் அன்று வெகு சிலரே.

விலக்குச் சட்டம் 1943-இல் நீங்கியது. அப்போதும் ஆண்டுக்கு 105 பேருக்கே இடம். 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு ஹாங்காங்கிலிருந்து வந்தவர்களுடன் டிம் சம் அமெரிக்க நகரங்களில் வேரூன்றியது.

ஹாங்காங்கிலும் காலம் சும்மா இருக்கவில்லை. இன்று பல உணவகங்களில் தாளில் குறியிட்டுக் கொடுத்தால் உணவு வருகிறது, தள்ளுவண்டிகள் அருகிவிட்டன. வண்டி வழக்கத்தை விடாது காத்த லின் ஹியுங் தேநீர் இல்லம் 2022 ஆகஸ்டில் மூடப்பட்டது. 2024-இல் அது மீண்டும் திறந்தது. அங்கே அறிமுகமற்றவரோடு ஒரே வட்ட மேசையில் அமர வேண்டும். வண்டி சமையற்கட்டை விட்டு வெளியே வந்ததும், கையில் அட்டையுடன் எழுந்து அதை நோக்கி விரைய வேண்டும். மூங்கில் தட்டைக் கொடுத்துவிட்டு, வண்டி தள்ளும் அம்மாள் அட்டையில் ஒரு முத்திரை குத்துவார்.